வின்டோஸ் 95 இன் ஆறு செக்கன் சத்தமும் அதிகம் விற்காத சில இசைத்தட்டுகளும்



தொண்ணூறுகளின் கடைசியில் கணினி என்ற பொருளை முதன்முதலாகத் தொட்ட தலைமுறைக்கு ஒரு சத்தம் கட்டாயம் ஞாபகம் இருக்கும். செருப்பை வெளியில் கழற்றி வைத்துவிட்டுக் கணினி அறைக்குள் போவோம். சேர் வந்து தூசு படாமல் போர்த்தியிருந்த துணியை எடுத்து, பட்டனை அழுத்துவார். திரையில் நீல வானமும் முகிலும் வரும். கொஞ்சம் பொறுத்து அந்தச் சத்தம் வரும். மொத்தமே ஆறு செக்கன்தான். மணியோசை மாதிரி ஆரம்பித்து மெல்லக் கரைந்து போகும். அது கேட்டால்தான் "சரி, இனி வேலை செய்யலாம்" என்று நிம்மதி.

அந்தச் சத்தத்தை யாராவது ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்திருப்பார் என்று நாம் நினைத்ததே இல்லை. விசிறியின் சத்தம் மாதிரி, அதுவும் மெஷினின் சத்தம் என்றுதான் நினைத்தோம். ஆனால் அதைச் செய்தவர் ஒரு மனிதர். இங்கிலாந்துக்காரர். பெயர் பிரையன் ஈனோ.

2025 மே மாதம் இந்தப் பெயர் நம் எல்லோருடைய தொலைபேசிகளிலும் சுற்றியது. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்துக்கு அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார். இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சுக்குத் தாங்கள் கணினிச் சேவைகளும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகளும் வழங்குவதாக அந்த நிறுவனம் அதே மாதம் ஒப்புக்கொண்டிருந்தது. அவை காஸாவில் மக்களுக்குத் தீங்கு செய்யப் பயன்பட்டதற்குத் தமக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் அது சொல்லியிருந்தது. ஈனோ அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. அந்தச் சேவைகளை நிறுத்தும்படி கேட்டார். வின்டோஸ் 95 இன் சத்தத்துக்காகத் தனக்குக் கிடைத்த ஊதியத்தைக் காஸாவில் தாக்குதலுக்கு உள்ளானவர்களின் உதவிக்குக் கொடுக்கப் போவதாகவும் அறிவித்தார்.

நாமும் அதைப் பகிர்ந்தோம். "மாஷா அல்லாஹ்" என்று எழுதினோம். இதயம் போட்டோம். பிறகு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். இந்த மனிதர் யார், எங்கிருந்து வந்தார், இவருக்கும் நமக்கும் இதற்கு முன்னர் ஏதாவது கணக்கு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

கணக்கு இருந்தது. அதுவும் குர்ஆன் சம்பந்தப்பட்ட ஒரு கணக்கு. அதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டுமானால் 1970களில் இவர் தனியாகச் செய்த சில இசைத்தட்டுகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வந்த காலத்தில் அதிகம் விற்காத அந்தத் தட்டுகளைத்தான் உலகம் இப்போது மறுபடி தேடி எடுத்துக் கேட்கிறது.

தொடங்க முன்னர் ஒரு விடயம். இசை கேட்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பைச் சொல்ல நாம் இதை எழுதவில்லை. அது உலமாக்களின் வேலை. நமது வேலை வரலாறு. உலகத்தில் ஒரு விடயம் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வதால் யாருக்கும் நட்டமில்லை.

பிரையன் ஈனோ 1948 இல் இங்கிலாந்தின் கிழக்கே சஃபொக் மாவட்டத்தில் பிறந்தார். அவருடைய வாப்பா தபாற்காரர். வூட்பிரிட்ஜ் என்ற சிறிய ஊர்ப்பக்கம். ஆனால் அந்த ஊருக்குப் பக்கத்தில் அமெரிக்க விமானப்படைத் தளங்கள் இருந்தன. அமெரிக்கச் சிப்பாய்களுக்காக வந்த பாட்டுகள் உள்ளூர்ப் பிள்ளைகளின் காதிலும் விழுந்தன. எங்கேயோ தூரத்திலிருந்து வந்த குரல்கள். யார் பாடுகிறார்கள், எந்த ஊர் என்று எதுவும் தெரியாது. அந்த மர்மம்தான் தன்னை இழுத்தது என்று அவர் பின்னர் பல தடவை சொல்லியிருக்கிறார்.

கத்தோலிக்கப் பாடசாலையில் படித்தார். பிறகு இப்ஸ்விச், வின்செஸ்டர் ஆகிய இடங்களில் ஓவியம் படித்து 1969 இல் வெளியேறினார். இசை படிக்கவில்லை. இசைக்குறியீட்டை வாசிக்கத் தெரியாது. எந்த வாத்தியத்தையும் முறையாக வாசிக்கத் தெரியாது. ஆனால் ஓவியக் கல்லூரியில் ஒரு ஒலிப்பதிவு நாடாக் கருவி கையில் கிடைத்தது. சத்தத்தைப் பதியலாம், வெட்டலாம், ஒட்டலாம், மெதுவாக ஓட்டலாம், பின்பக்கமாக ஓட்டலாம். ஓவியன் நிறத்தை வைத்து விளையாடுவதுபோல சத்தத்தை வைத்து விளையாடலாம் என்பது அவருக்கு அங்கேதான் விளங்கியது. "நான் இசைக்கலைஞன் அல்ல" என்று அவர் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

1971 இல் ரொக்ஸி மியூசிக் என்ற ரொக் குழுவில் சேர்ந்தார். அங்கே அவருடைய வேலை விசித்திரமானது. ஒரு சிந்தசைசர் கருவியை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வாசிப்பதை அதற்குள் அனுப்பி, உருமாற்றி வெளியே விடுவார். ஆளும் விசித்திரம்தான். இறகு உடுப்பு, முகத்தில் சாயம். இரண்டு அல்பங்கள் முடிந்ததும் குழுவின் தலைவரான பிரையன் ஃபெரியோடு ஒத்துப்போகாமல் 1973 நடுப்பகுதியில் விலகினார். வயது 25. இசை தெரியாது என்று தானே சொல்லும் ஒருவர் பேர் பெற்ற குழுவை விட்டு வெளியே வந்தால் என்ன மிஞ்சும் என்று பலரும் நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு நாலு வருடங்களில் வந்தவைதான் நாம் பேசப்போகும் தட்டுகள்.

முதலாவது "ஹியர் கம் த வார்ம் ஜெட்ஸ்". 1973 செப்டெம்பரில் லண்டனில் 12 நாட்களில் பதிவுசெய்து 1974 தொடக்கத்தில் வெளியிட்டார். 16 கலைஞர்களைக் கூப்பிட்டார். எப்படித் தெரிவு செய்தார் தெரியுமா? ஒருவரோடொருவர் ஒத்துப்போக மாட்டார்கள் என்று அவர் நினைத்தவர்களையே ஒரே அறையில் வைத்தார். எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்கும் கூட்டத்தில் புதிது எதுவும் பிறக்காது என்பது அவருடைய எண்ணம். இசைக்குறியீடு எழுதத் தெரியாததால், தனக்கு என்ன வேண்டும் என்பதைக் கையாலும் உடம்பாலும் ஆடிக் காட்டினார். பாட்டின் வரிகளையும் முதலில் எழுதவில்லை. வாய்க்கு வந்த அர்த்தமில்லாத ஒலிகளைப் பாடிப் பார்த்து, பின்னர் அவற்றிலிருந்து சொற்களைப் பிடித்தார். இந்த அல்பம் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 26 ஆம் இடம் வரை போனது. அந்தக் காலத் தனி அல்பங்களில் அவ்வளவு தூரம் போனது இது ஒன்றுதான்.

இரண்டாவது "டேக்கிங் டைகர் மவுன்டன்". 1974 நவம்பர். சான் பிரான்சிஸ்கோவின் சீனத் தெருவில் ஒரு சீனப் புரட்சி நாடகத்தின் படங்கள் அச்சிட்ட தபால் அட்டைத் தொகுப்பு அவருக்குக் கிடைத்தது. தலைப்பை அதிலிருந்து எடுத்தார். இந்த அல்பத்தின் ஒரு பாட்டில் போர்ட்ஸ்மத் சின்ஃபோனியா என்ற வாத்தியக் குழு வாசிக்கிறது. அது 1970 இல் ஓவியக் கல்லூரியொன்றில் ஆரம்பித்த குழு. அதில் வாத்தியம் வாசிக்கத் தெரியாதவர்களும் சேரலாம், தெரிந்தவர்கள் தமக்குப் பழக்கமில்லாத வாத்தியத்தை எடுக்க வேண்டும். ஆனால் எல்லோரும் உண்மையாக முயற்சி செய்ய வேண்டும். பகிடிக்காக வேண்டுமென்றே பிழையாக வாசிக்கக் கூடாது. ஈனோவும் அதில் கிளாரினெட் ஊதினார். படிப்பிக்கிற ஆட்களுக்கு இந்த விதியின் அருமை விளங்கும். பிழை விடலாம், ஆனால் கவலையீனம் கூடாது.

இந்தக் காலத்தில் பீட்டர் ஷ்மிட் என்ற ஓவிய நண்பரோடு சேர்ந்து ஒரு பெட்டி அட்டைகள் தயாரித்தார். 1975 இல் அச்சில் வந்தது. பெயர் "ஒப்ளீக் ஸ்ட்ராட்டஜீஸ்". வேலை ஓரிடத்தில் சிக்கி நின்றால் ஓர் அட்டையை எடுத்து, அதில் உள்ளபடி செய்ய வேண்டும். அவற்றில் ஒன்று, பிழை ஒன்று நடந்தால் உடனே அழித்துவிடாமல், அதற்குள் நமக்கே தெரியாத ஒரு நோக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும். பிழையைக் கண்டு வெட்கப்பட்டு மறைக்காமல், அதன் முன் நின்று அதைப் பார்ப்பது. இந்தப் பழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1975 ஜனவரியில் ஒரு விபத்து. வீதியில் டாக்ஸி ஒன்று மோதி, வீட்டில் படுத்த படுக்கையானார். நலம் விசாரிக்க வந்த தோழி ஒருவர் பழைய யாழிசைத் தட்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போன பிறகு சிரமப்பட்டு எழும்பி அதைப் போட்டுவிட்டுப் படுத்தால், சத்தம் மிகக் குறைவு. ஒரு பக்க ஒலிபெருக்கி வேலை செய்யவும் இல்லை. மறுபடி எழும்பிச் சரிசெய்ய உடம்பில் பலமில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு இடையில் இடைக்கிடை ஒரு சில தந்தி ஒலிகள் மட்டும் வந்து போயின. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அப்படியே கேட்டுக்கொண்டு கிடந்தார். நாம் கவனித்துத்தான் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தாமல், அறையின் வெளிச்சம் போல, மழை போல, சூழலின் ஒரு பகுதியாக இருக்கும் ஓர் ஒலி. அப்படியும் செய்யலாம் என்ற எண்ணம் அன்று வந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்த எண்ணத்தின் முதல் காய் அதே வருடம் வந்த "டிஸ்க்ரீட் மியூசிக்". இரண்டு நாடாக் கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நாடாவை இரண்டுக்கும் ஊடாக ஓடவிட்டார். முதல் கருவி பதிந்ததை இரண்டாவது கருவி சில செக்கன் கழித்து ஒலிக்கும். அது மறுபடி முதலாவதுக்குள் போகும். இரண்டே இரண்டு சிறிய மெட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, 30 நிமிடம் தானாக வளர்ந்துகொண்டு போகும். அவர் செய்தது அமைப்பை உண்டாக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது மட்டும்தான். விதை போட்டவன் செடியை இழுத்து வளர்ப்பதில்லை அல்லவா? அது மாதிரி.

மூன்றாவது பெரிய தட்டு "அனதர் கிரீன் வேர்ல்ட்". 1975 கோடையில் பதிந்தார். ஸ்டூடியோவுக்குள் போகும்போது கையில் ஒரு பாட்டுக்கூட இல்லை. வெறும் அட்டைப் பெட்டியோடு போனார். முதல் சில நாட்கள் ஒன்றும் வரவில்லை. வாடகை ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் 14 துண்டுகள் வந்தன. அவற்றில் ஐந்தில் மட்டும்தான் பாடல் வரிகள். மற்றவை ஒவ்வொன்றும் ஒரு சிறிய நிலக்காட்சி போல, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

விஞ்ஞானம் படிப்பவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஒரு பாட்டுக்கு ரொபர்ட் ஃப்ரிப் கிட்டார் வாசிக்க வேண்டும். என்ன ராகம், என்ன தாளம் என்று ஈனோ சொல்லவில்லை. விம்ஸ்ஹர்ஸ்ட் இயந்திரத்தை நினைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னார். ஆய்வுகூடத்தில் நாம் பார்த்திருப்போம், இரண்டு வட்டுகள் எதிரெதிராகச் சுழல, இரண்டு உலோகக் குண்டுகளுக்கு நடுவில் பொறி தாவும் அந்த இயந்திரம். ஃப்ரிப் அந்தப் பொறியைக் கிட்டாரில் வாசித்தார். அல்பத்தின் உறையில் அதற்கு விம்ஸ்ஹர்ஸ்ட் கிட்டார் என்றே பெயர் போட்டிருக்கிறார்கள்.

இந்த அல்பம் பிரித்தானியாவிலோ அமெரிக்காவிலோ விற்பனைப் பட்டியலில் இடம்பிடிக்கவே இல்லை. ஆனால் இதன் தலைப்பு இசையைப் பிபிசி தன்னுடைய "அரீனா" கலை நிகழ்ச்சியின் தொடக்க இசையாக எடுத்துக்கொண்டது. ஈனோவின் பெயரே தெரியாத இலட்சக்கணக்கான வீடுகளில் அது பல வருடங்கள் ஒலித்தது. சத்தம் தெரியும், செய்தவரைத் தெரியாது. வின்டோஸ் 95 இல் நமக்கு நடந்தது அவர்களுக்கு அப்போதே நடந்துவிட்டது.

நாலாவது 1977 கடைசியில் வந்த "பிஃபோர் அன்ட் ஆஃப்டர் சயன்ஸ்". ஏறக்குறைய இரண்டு வருட வேலை. நூற்றுக்கும் அதிகமான துண்டுகளைச் செய்து பார்த்து, பத்தை மட்டும் வைத்துக்கொண்டார். மற்றதையெல்லாம் விட்டுவிட்டார். அடுத்த வருடம் விமான நிலையங்களுக்கான இசை என்று ஓர் அல்பம் வெளியிட்டு, இந்த வகைக்கு "அம்பியன்ட்", அதாவது சூழல் இசை என்று பெயரும் வைத்தார். பாடகர் ஈனோவின் முதல் கட்டம் அத்தோடு முடிந்தது.

சரி, விற்காத தட்டுகள் எப்படி உலகத்தை மாற்றின?

1960களின் வெல்வெட் அன்டர்கிரவுன்ட் என்ற குழுவைப் பற்றி ஈனோவே சொன்ன ஒரு கருத்து பிரபலமானது. அவர்களின் முதல் தட்டை வாங்கியவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் வாங்கியவர் ஒவ்வொருவரும் ஒரு குழுவை ஆரம்பித்திருப்பார்கள் என்பது அதன் சாரம். அவர் வேறொருவரைப் பற்றிச் சொன்னது அவருக்கே பொருந்திவிட்டது.

"அனதர் கிரீன் வேர்ல்ட்" தட்டைக் கேட்டு விரும்பியவர்களில் ஒருவர் டேவிட் போவி. அவர் ஈனோவைக் கூப்பிட்டார். 1977 இல் வந்த "லோ", "ஹீரோஸ்" இரண்டிலும் ஈனோ வேலை செய்தார். அந்த அல்பங்களின் தயாரிப்பாளர் ஈனோ என்று பலர் எழுதுகிறார்கள், அது பிழை. தயாரிப்பாளர்கள் போவியும் டோனி விஸ்கொன்டியும். ஈனோ உடனிருந்து யோசனையும் ஒலியும் கொடுத்தவர். பெர்லின் சுவருக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூடியோவில் "ஹீரோஸ்" பதிவானபோது அந்த அட்டைப் பெட்டியும் மேசையில் இருந்தது. பிறகு டோக்கிங் ஹெட்ஸ் குழுவோடு 1978 முதல் 1980 வரை மூன்று அல்பங்கள். நைஜீரியாவின் ஃபெலா குட்டியின் இசையை அந்தக் குழுவினரோடு சேர்ந்து கேட்டதன் தாக்கம் மூன்றாவதில் தெளிவாகத் தெரியும். 1984 முதல் யூ2 குழுவின் பெரிய அல்பங்கள் பலவற்றுக்கு டேனியல் லன்வாவோடு சேர்ந்து தயாரிப்பாளர். 2008 இல் கோல்ட்பிளே.

நேரடித் தாக்கமும் உண்டு. மான்செஸ்டரில் ஒரு குழு தன்னுடைய பெயரையே அவருடைய இரண்டாவது அல்பத்தின் பாட்டு வரியிலிருந்து எடுத்தது. அதே அல்பத்தின் இன்னொரு பாட்டை 1982 இல் பவ்ஹவுஸ் குழு மறுபடி பாடியது. அப்போது அந்த அல்பம் வந்து எட்டு வருடம்.

2004 இல் அவருடைய முதல் நாலு பாடல் அல்பங்களும் ஒலி சீராக்கி மறுபடி வெளிவந்தன. 2017 இல் கறுப்புத் தட்டாகவே மறுபடி வந்தன. 2024 இல் கெரி ஹஸ்ட்விட் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஒவ்வொரு தடவை திரையிடும்போதும் கணினி காட்சிகளை வேறு விதமாகத் தெரிவு செய்து அடுக்கும், ஆகவே ஒருவர் பார்த்த படத்தை மற்றவர் பார்க்க முடியாது. 1975 இல் இரண்டு நாடாக் கருவிகளைப் பூட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டவருக்குப் பொருத்தமான படம்தான். ஐம்பது வருடம் கழித்துப் புதிய பிள்ளைகள் இந்தத் தட்டுகளுக்கு வருவது இப்படித்தான்.

இனி நம் கணக்குக்கு வருவோம்.

1981 இல் ஈனோவும் டோக்கிங் ஹெட்ஸ் குழுவின் டேவிட் பேர்னும் சேர்ந்து ஓர் அல்பம் வெளியிட்டார்கள். நைஜீரிய எழுத்தாளர் அமோஸ் டுட்டுவோலாவின் நாவலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதில் இவர்கள் இருவரும் பாடவில்லை. வானொலியிலிருந்தும் பழைய இசைத்தட்டுகளிலிருந்தும் பிறருடைய குரல்களை எடுத்துத் தங்களுடைய தாளத்துக்கு மேல் வைத்தார்கள். அமெரிக்க வானொலிப் போதகர்களின் குரல், லெபனானின் மலைப் பாடகி துன்யா யூனிஸின் குரல், இப்படி. இன்று "சாம்பிளிங்" என்று சொல்லி எல்லோரும் செய்யும் விடயம். அன்று அது புதிது.

அதில் ஒரு துண்டு அல்ஜீரிய முஸ்லிம்கள் குர்ஆன் ஓதுவது. இஸ்லாமிய உலகின் குரல்களைத் தொகுத்த ஓர் ஆய்வுத் தட்டிலிருந்து அதை எடுத்து, கீழே தாளம் போட்டிருந்தார்கள்.

வாசிக்கும்போதே உங்களுக்கு மனம் சுருங்குவது தெரியும். நமக்கும் அப்படித்தான் இருந்தது. அவர்களுடைய எண்ணம் கேலி செய்வது அல்ல. அந்த ஓசையின் அழகில் மயங்கிப் போயிருந்தார்கள். ஆனால் அல்லாஹ்வின் வார்த்தை வெறும் ஓசை அல்ல. கேட்கும்போது வாய்மூடிச் செவிசாய்க்க வேண்டிய ஒன்றை, கால் தட்டிக் கேட்கும் ஒன்றாக ஆக்கிவிட்டார்கள். தூரத்திலிருந்து வரும் குரலின் மர்மத்தை விரும்பிய பையன் வளர்ந்த பிறகும், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்கள் யார், அது அவர்களுக்கு என்ன என்று கேட்க மறந்துவிட்டான். இந்த வகை இசையின் பிறவிப் பிழை அது.

அல்பம் வந்த பிறகு லண்டனில் இருந்த இஸ்லாமிய அமைப்பொன்று அவர்களிடம் ஆட்சேபம் தெரிவித்தது. புனித வேதத்துக்குத் தாளம் போடுவது எங்களுக்கு நிந்தனை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்பது அதன் கருத்து. இருவரும் எடுத்துவிட்டார்கள். அடுத்து வந்த பதிப்புகளில் அந்த இடத்தில் வேறொரு துண்டு வந்தது. 2006 இல் அல்பம் விரிவாக மறுவெளியீடு கண்டபோதும் அதைத் திரும்பச் சேர்க்கவில்லை. பிறருடைய மார்க்கத்துக்கு மதிப்பளித்து எடுத்தோம் என்ற கருத்தை பேர்ன் பின்னர் பேட்டியில் சொன்னார். அதே அல்பத்தில் காலமான கிறிஸ்தவப் பெண் போதகர் ஒருவரின் குரலையும் முதலில் வைத்திருந்தார்கள். உரிமையாளர்கள் அனுமதி மறுத்ததும் அதையும் மாற்றினார்கள்.

இது நடந்தது 1980களின் தொடக்கத்தில். சில வருடம் கழித்து, 1988 இல், ஒரு நாவலை வைத்து அதே பிரித்தானியாவில் என்ன நடந்தது, அது உலகம் முழுதும் எப்படிப் பரவியது, எத்தனை உயிர்கள் போயின என்பது நமக்குத் தெரியும். அந்த வரலாற்றைப் பிள்ளைகள் தேடாமலே படித்துவிடுகிறார்கள். இந்த வரலாற்றை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு தரப்பு தனக்கு நோகிறது என்று சொன்னது. மறு தரப்பு கேட்டது, திருத்திக்கொண்டது. சத்தமில்லாமல் முடிந்ததால் அது செய்தியாகவில்லை.

வின்டோஸ் 95 கதைக்குத் திரும்புவோம். மைக்ரோசொஃப்ட் அவரிடம் நீளமான ஒரு பட்டியலைக் கொடுத்தது. ஒலி அப்படி இருக்க வேண்டும், இப்படி இருக்க வேண்டும், மனதைத் தொட வேண்டும், எதிர்காலம் தெரிய வேண்டும் என்று பல விவரணைகள். கடைசியில், இவ்வளவும் மூன்றேகால் செக்கனுக்குள் என்று இருந்தது. அவருக்குச் சிரிப்பும் வந்தது, ஆசையும் வந்தது. 84 துண்டுகள் செய்து பார்த்தார். அத்தனை சிறிய இடத்துக்குள் வேலை செய்து பழகிய பிறகு, மூன்று நிமிட இசை சமுத்திரம் போலத் தெரிந்ததாகச் சொன்னார். இன்னொரு வேடிக்கை, அந்தச் சத்தத்தை அவர் செய்தது அப்பிள் நிறுவனத்தின் மெக் கணினியில். நூற்றுக்கு மேல் செய்து பத்தை வைத்துக்கொண்ட 1977 இன் அதே பழக்கம்தான் இங்கேயும். அந்தச் சிறிய தட்டுகளிலிருந்து நம் கணினி அறைக்கு வந்த பாதை இது.

அதே 1995 இல் பொஸ்னியப் போர் நடந்துகொண்டிருந்தது. ஸ்ரெப்ரெனிக்கா படுகொலை அந்த ஜூலையில். செப்டெம்பரில், அந்த நாட்டுப் பிள்ளைகளுக்காக நிதி சேர்க்க, பிரித்தானியக் கலைஞர்கள் பலர் ஒரே நாளில் பதிவுசெய்து சில நாட்களிலேயே வெளியிட்ட "ஹெல்ப்" அல்பத்தை மேற்பார்வை செய்தவர்களில் ஈனோவும் ஒருவர். ஆகவே காஸா திடீரென வந்த அக்கறை அல்ல. 2016 இல் இஸ்ரேலியத் தூதரகத்தின் அனுசரணையோடு நடக்கவிருந்த நடன நிகழ்ச்சியொன்றில் தன்னுடைய இசையைப் பயன்படுத்த அனுமதி மறுத்தார். 2025 செப்டெம்பர் 17 இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் பலஸ்தீனத்துக்காக நடந்த பெரிய நிதி நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர்களில் முன்னின்றவரும் அவர்.

அவர் முஸ்லிம் அல்ல. கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று தன்னைப் பற்றி வெளிப்படையாகவே சொல்பவர். இதை மறைத்துவிட்டு அவரை நம் வீரராக்குவதும் நேர்மை அல்ல. 1981 ஐ மட்டும் பிடித்துக்கொண்டு, "இவன் குர்ஆனுக்கு மியூசிக் போட்டவன்" என்று தள்ளிவிடுவதும் நேர்மை அல்ல. இரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கை. நாம் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. காலையில் ஒருவரின் பெயரைத் தூக்கிப் பிடிக்கிறோம். பின்னேரம் அவருடைய பழைய பிழை ஒன்று கிடைத்ததும் தூக்கி எறிகிறோம். இரண்டு வேளையும் அவரைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிப்பதில்லை. வரலாறு கற்பிக்கும் நமக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. ஒரு மனிதரின் பிழையையும் அவர் அதைக் கேட்டுத் திருத்திய விதத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அது வரலாறு. ஒன்றை மட்டும் எடுத்தால் அது வதந்தி. குர்ஆனும் ஒரு செய்தி வந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றுதானே நமக்குச் சொல்கிறது?

பிழையைக் கண்டால் அதன் முன் நின்று பார் என்று அட்டையில் எழுதியவர், 1975 இல் அதை இசைக்காகத்தான் எழுதினார். 1980களில் ஒரு சமூகம் அவருடைய பிழையைக் காட்டியபோது நின்று பார்த்தார். 2025 இல், முப்பது வருடத்துக்கு முன்னர் சந்தோசமாகச் செய்த ஒரு வேலையையும் திரும்பிப் பார்த்தார். வின்டோஸ் 95 இல் அவர் பிழை எதுவும் செய்யவில்லை. ஆறு செக்கன் சத்தம்தான் செய்தார். ஆனால் அந்த ஊதியம் இனித் தனக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தார். அப்படித் திரும்பிப் பார்ப்பது நம்மில் எத்தனை பேருக்குக் கைவரும்? நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இனி எங்கேயாவது பழைய கணினி ஒன்றை யாராவது உயிர்ப்பித்து அந்தச் சத்தம் வந்தால், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இசை தெரியாது என்று சொன்ன ஒரு தபாற்காரரின் மகன் செய்த சத்தம் இது, அதன் சம்பளம் காஸாவின் மக்களுக்கென்று எழுதிக் கொடுக்கப்பட்டது என்று.

பதிவு நீண்டுவிட்டது.  பழைய கணினி அறை ஞாபகங்கள் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். பிழை ஏதும் இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வோம். காஸாவின் மக்களை உங்கள் துஆக்களில் மறக்க வேண்டாம்.